15,349 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்? விமான தூரமும் பயண நேரமும் ஒத்துப்போகாதது ஏன்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கு எங்கும் நிற்காத சேவையை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020 நவம்பர் 9 அன்று தொடங்கியது. அப்போது வெளியான கால அட்டவணையைப் பார்த்துப் பலர் குழம்பினார்கள். சாங்கியில் அதிகாலை 2:25க்குக் கிளம்பும் விமானம் அதே நாள் காலை 7:30க்கு நியூயார்க்கில் இறங்கும் என்றிருந்தது. திரும்பும் விமானமோ இரவு 10:30க்குக் கிளம்பி, நடுவில் ஒரு முழு நாளைத் தாண்டி, மூன்றாம் நாள் காலை 6:10க்குச் சாங்கி வந்து சேரும். உள்ளூர்க் கடிகாரங்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் போக 5 மணி 5 நிமிடம், வர 31 மணி 40 நிமிடம்.

இந்தக் குழப்பம் சுலபமாகத் தீரும். நவம்பரில் சிங்கப்பூர் நேரம் நியூயார்க் நேரத்தைவிட 13 மணி முன்னால் இருக்கிறது. அமெரிக்கர்கள் கடிகாரத்தை முன்னே தள்ளி வைக்கும் கோடை மாதங்களில் 12 மணி. போகும்போது 13ஐக் கூட்டினால் 18 மணி 5 நிமிடம், வரும்போது 13ஐக் கழித்தால் 18 மணி 40 நிமிடம். சரி, உண்மையான பயண நேரம் கிடைத்துவிட்டது.

அடுத்த குழப்பம் இதைவிடக் கடினமானது. இரண்டு நிலையங்களுக்கும் இடையிலான தூரம் 15,349 கி.மீ. நெடுந்தூர விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். வகுத்தால் 17 மணி 3 நிமிடம் வருகிறது. அட்டவணையில் ஏன் 18க்கு மேல்? தூரம் ஒன்றே என்றால் போவதற்கும் வருவதற்கும் ஏன் 35 நிமிட வித்தியாசம்? ஊர்களுக்கு இடையே தூரம் கணக்கிட்டுத் தரும் இணையக் கருவிகள் கிலோமீட்டரோடு சேர்த்து ஒரு பயண நேரத்தையும் காட்டுகின்றன. பெரும்பாலும் அந்த நேரம், தூரத்தை ஒரு நிலையான வேகத்தால் வகுத்து வந்தது. தூரத்தைச் சரியாகச் சொல்லும் அதே கருவி நேரத்தில் தவறிப்போவதற்குக் காரணம் இதுதான். தூரத்தைப் பூமியின் வடிவம் முடிவு செய்கிறது. நேரத்தை முடிவு செய்பவை காற்று, நாடுகளின் எல்லைகள், எரிபொருள், விமான நிலைய நெரிசல் என்று பல.

15,349 என்ற எண் எங்கிருந்து வருகிறது

உருண்டையான பூமியின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பூமியின் மையத்தையும் அந்த இரண்டு இடங்களையும் தொட்டபடி பூமியை இரண்டு சரிபாதிகளாக வெட்டினால், வெட்டிய விளிம்பு ஒரு பெருவட்டம். வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் இரண்டு ஊர்களின் மேலும் ஒரு நூலை வைத்து இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாகவே அந்தப் பாதையில் போய் உட்காரும். சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தில் இதே பாதை வளைந்து தெரியும். அது வரைபடத்தின் கோளாறு, பாதை நேரானதுதான்.

சிங்கப்பூர்–நியூயார்க் ஜோடியில் ஒரு வசதி இருக்கிறது. பெரிய சூத்திரம் இல்லாமலே தூரத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

1. சாங்கி ஏறத்தாழ 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. ஜே.எஃப்.கே. 73.8 பாகை மேற்கில். கூட்டினால் 177.8. அதாவது இரண்டும் உலகின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. எனவே குறுக்குவழி கிட்டத்தட்ட வட துருவத்தின் மேலாகவே போகிறது.

2. சாங்கியின் அட்சரேகை வடக்கு 1.36 பாகை. அங்கிருந்து துருவத்துக்கு 88.64 பாகை. ஜே.எஃப்.கே. வடக்கு 40.64. துருவத்திலிருந்து அதற்கு 49.36 பாகை. மொத்தம் 138 பாகை.

3. ஒரு பாகை என்பது தரையில் சுமார் 111.2 கி.மீ. 138ஐ அதனால் பெருக்கினால் 15,346 கி.மீ. அதிகாரப்பூர்வ எண்ணுக்கு மிக அருகில் வந்துவிட்டோம்.

பூமியில் எந்த இரண்டு இடங்களை எடுத்தாலும் அவற்றுக்கு இடையிலான குறுகிய தூரம் சுமார் 20,000 கி.மீ.க்கு மேல் போக முடியாது, ஏனென்றால் பூமியின் சுற்றளவே சுமார் 40,000 கி.மீ.தான். அந்த எல்லையில் முக்கால் பங்குக்கும் மேலான தூரத்தை இந்த விமானம் ஒரே மூச்சில் கடக்கிறது. விமானத் துறையினர் கிலோமீட்டரில் பேசுவதில்லை, கடல் மைலில்தான் பேசுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. தூரப் பட்டியல்களில் சாதாரண மைலும் கடல் மைலும் கலந்து கிடந்தால் கணக்கு 15 சதவீதம் வரை பிசகும். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கோட்டின் மேல் விமானம் பறப்பதில்லை

கணக்குப்படி சாங்கியிலிருந்து கிளம்பும் விமானம் லாவோஸ், சீனா, மங்கோலியா, சைபீரியா வழியாக ஆர்க்டிக் கடலுக்குப் போய், துருவத்தை ஒட்டிக் கடந்து கனடாவுக்குள் இறங்க வேண்டும். ஆனால் பல நாட்களில் அது ஜப்பானுக்குக் கிழக்கே பசிபிக் பெருங்கடலைக் குறுக்காகக் கடந்து வட அமெரிக்காவுக்குள் நுழைகிறது. திரும்பும்போது வந்த வழியே வருவதில்லை. அட்லாண்டிக், ஐரோப்பா, மேற்கு ஆசியா, இந்தியா, வங்காள விரிகுடா என்று மறுபடியும் கிழக்கு நோக்கியே பறக்கிறது. அப்படிப்பட்ட நாட்களில் போய்த் திரும்பும் பயணி, தனக்குத் தெரியாமலே உலகத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்திருப்பார்.

காரணம் காற்று. விமானத்துக்கு இரண்டு வேகங்கள் உண்டு. தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஊடுருவி அது முன்னேறும் வேகம் காற்றுவேகம். தரையில் உள்ள ஊர்களை அது கடந்துபோகும் வேகம் தரைவேகம். ஓடும் ஆற்றில் துடுப்புப் போடுகிறவரைப் போலத்தான் இது. கை ஒரே பலத்தில் இயங்கினாலும், நீரோட்டத்தோடு போனால் கரை வேகமாக நகரும், எதிர்த்துப் போனால் மெதுவாக நகரும். ஏர்பஸ் ஏ350 போன்ற விமானம் ஒலியின் வேகத்தில் 85 சதவீதத்தில் பறக்கிறது. சுமார் 11 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும்போது அது மணிக்கு 900 கி.மீ. ஆகிறது. அதோடு 100 கி.மீ. பின்காற்று சேர்ந்தால் தரைவேகம் 1,000. அதே காற்று எதிரே வந்தால் 800.

வெப்பமண்டலத்தின் சூடான காற்றும் துருவப் பக்கத்துக் குளிர்ந்த காற்றும் சந்திக்கும் நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு குறுகலான பெருங்காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. இதுதான் ஜெட் ஸ்ட்ரீம். மணிக்கு 150 முதல் 200 கி.மீ. என்பது அங்கே சாதாரணம். குளிர்காலத்தில், முக்கியமாக ஜப்பானுக்கு மேலே, 300ஐத் தாண்டுவதும் உண்டு. இதை முறையாக அளந்தவர் வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை ஆய்வாளர். 1920களில் டடேனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களை ஏவிக் கண்டறிந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் முடிவுகளை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராந்தோவில் வெளியிட்டார். அதனாலேயே மற்ற நாடுகளில் அது கவனிக்கப்படாமல் போனது. 1944இல் ஜப்பானுக்கு மேலே வந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கித் தடுமாறிய பிறகுதான் அதன் பலம் வெளியே பரவலாகத் தெரிந்தது.

இனி கணக்குக்கு வருவோம். நியூயார்க்கை ஒட்டியுள்ள நியூவார்க் நிலையத்துக்கு 2018 அக்டோபரில் சேவை தொடங்கியபோது, விமானம் பறக்கும் தூரம் சுமார் 16,700 கி.மீ. என்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அறிவித்தது. பெருவட்டத் தூரமோ 15,344. ஏறத்தாழ 1,350 கி.மீ. கூடுதல்! இது வீண் சுற்று அல்ல. துருவ வழியில் மேற்கிலிருந்து வரும் காற்று பெரும்பாலும் பக்கவாட்டில் அடிக்கும், முன்னே தள்ளாது. அங்கே 15,344 கி.மீ.யைக் கடக்க 900 கி.மீ. வேகத்தில் 17 மணி 3 நிமிடம் ஆகும். 16,700 கி.மீ.யை அதே நேரத்தில் கடக்கத் தேவைப்படும் தரைவேகம் 980. அதாவது வழி நெடுக சராசரியாக 80 கி.மீ. பின்காற்று கிடைத்தாலே இரண்டு வழிகளும் சமம். அதற்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு கிலோமீட்டரும் சுற்றுவழிக்கு லாபம். காற்று நாளுக்கு நாள் மாறுவதால் அன்றன்றைய முன்னறிவிப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பயணத்துக்கும் பாதை புதிதாக வரையப்படுகிறது. இன்று போன வழியில் நாளைய விமானம் போகும் என்று சொல்ல முடியாது.

காற்று நேரத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்கு 2020 பிப்ரவரியில் ஒரு சாட்சி கிடைத்தது. சியாரா புயலின்போது ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது. தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டதாகச் சிலர் எழுதினார்கள். இல்லை. காற்றோடு ஒப்பிட்டால் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது, அந்தக் காற்றே வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே இரண்டு தவறான எண்ணங்களைத் திருத்தியாக வேண்டும்.

1. "பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறது, எனவே மேற்கே பறந்தால் ஊர் நம்மை நோக்கி வந்துவிடும்." வராது. வளிமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது, கிளம்பும் முன்பே விமானமும் அந்தச் சுழற்சியில் இருக்கிறது. பூமியின் சுழற்சி மறைமுகமாகத்தான் வேலை செய்கிறது: வடக்கே நகரும் காற்றைக் கிழக்கே திருப்பி, ஜெட் ஸ்ட்ரீமுக்குத் திசை கொடுப்பது அதுதான்.

2. "போகும்போது இழந்தது வரும்போது கிடைத்துவிடும்." முழுவதும் கிடைக்காது. 6,000 கி.மீ. வழியை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கி.மீ. பின்காற்றோடு 6 மணி, அதே எதிர்காற்றோடு 7 மணி 30 நிமிடம், மொத்தம் 13:30. காற்றே இல்லாவிட்டால் 13:20. எதிர்காற்றில் செலவாகும் நேரம் நீளமானது என்பதால் காற்று எப்போதும் கொஞ்சம் எடுத்துக்கொண்டே விடுகிறது. நியூயார்க் விமானம் இரண்டு முறையும் கிழக்கே பறப்பது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பது இதில் தெரியும்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் பறக்கும் நேரம் அல்ல

அட்டவணையில் அச்சாவது பிளாக் டைம் எனப்படும் நேரம். பயணிகள் ஏறும் வாசலை விட்டு விமானம் நகரும் கணத்திலிருந்து, சேரும் ஊரில் வாசலில் வந்து நிற்கும் கணம் வரை. அதற்குள் என்னென்ன அடங்கும் என்று பார்த்தால் 17 எப்படி 18 ஆனது என்பது பெருமளவு விளங்கிவிடும்.

1. ஓடுபாதை வரை ஊர்ந்து போகும் நேரமும் அங்கே வரிசையில் காத்திருக்கும் நேரமும். ஜே.எஃப்.கே. போன்ற நெரிசலான நிலையத்தில் இதற்கே அரை மணி போய்விடலாம்.

2. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகம் 900க்கு வெகு கீழே இருக்கும். அதோடு, ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தப் பக்கமாகச் சுற்றி வந்துதான் இறங்க வேண்டும்.

3. நிறுவனம் சேர்த்து வைக்கும் உபரி நிமிடங்கள். சொன்ன நேரத்துக்குச் சேர்ந்தது என்ற பெயரைக் காப்பாற்றவும், இணைப்பு விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் தவிக்காமல் இருக்கவும் இது தேவைப்படுகிறது. "20 நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று விமானி அறிவிப்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

மூடிய வானம்

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலே உள்ள வான்வெளியின் மீது முழு உரிமை உண்டு. அந்த வழி போக அனுமதி வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டால் கிலோமீட்டர் கணக்கு அப்படியே இருக்கும், மணிக் கணக்கு குலைந்துபோகும்.

இதில் அதிகம் அடிபட்டது பின்லாந்து. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ பெருவட்டத்தில் சுமார் 7,800 கி.மீ.தான், அதில் பெரும்பகுதி ரஷ்யாவின் மேல். ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே மிகக் குறுகிய வழி எங்களுடையது என்று சொல்லித்தான் ஃபின்ஏர் தன் வணிகத்தையே வளர்த்தது. 2022 பிப்ரவரி இறுதியில், உக்ரைன் மீதான படையெடுப்பைத் தொடர்ந்து, ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்யாவும் ஒன்றுக்கொன்று வான்வெளியை மூடின. 9 மணி 30 நிமிடத்தில் முடிந்த பயணம் 13 மணி நேரம் ஆனது. விமானங்கள் வட துருவத்தைச் சுற்றியோ, தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ போகத் தொடங்கின. சீன நிறுவனங்களுக்கு அந்தத் தடை இல்லை. எனவே ஒரே இரண்டு ஊர்களுக்கு இடையே எந்த நிறுவனத்தில் ஏறுகிறோம் என்பதைப் பொறுத்தும் பயண நேரம் மாறுகிறது.

நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது 2025 ஏப்ரல் 24. இந்திய விமானங்களுக்கு பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது, சில நாட்களில் இந்தியாவும் பதிலுக்கு மூடியது. டெல்லியிலிருந்து வட அமெரிக்காவுக்கு நிற்காமல் போய்க்கொண்டிருந்த ஏர் இந்தியா விமானங்கள் சில, எரிபொருள் நிரப்ப வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கிப் போக வேண்டி வந்தது. சுற்றி வந்ததால் கூடிய நேரத்தோடு, இறங்கி ஏறிய நேரமும் பயணிகளின் தலையில் விழுந்தது.

காற்றும் எல்லையும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெர்த்–லண்டன் வழியைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவான்டாஸ் 2018 மார்ச்சில் தொடங்கிய இந்தச் சேவையின் தூரம் சுமார் 14,500 கி.மீ. 2024 ஏப்ரலில் மேற்கு ஆசியாவில் பதற்றம் கூடியபோது ஈரான் வான்வெளியைத் தவிர்க்க முடிவு செய்தார்கள். பெர்த்திலிருந்து லண்டன் போகும் விமானம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பியது. லண்டனிலிருந்து பெர்த் வரும் விமானமோ அதே ஈரானைத் தவிர்த்தும் நிற்காமல் வந்தது. கிழக்கே வரும்போது காற்று துணைக்கு இருந்தது, அவ்வளவுதான்.

எரிபொருள் போடும் எல்லை

பயணம் ஒரு மணி நீண்டால் ஒரு மணிக்கான எரிபொருள் மட்டும் கூடுதலாக வேண்டும் என்று நினைக்கிறோம். அந்தக் கூடுதல் எரிபொருளைச் சுமந்து பறக்கவும் எரிபொருள் வேண்டும். தூரம் கூடக்கூட இந்தச் சுமை கிடுகிடுவென ஏறும். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய கையிருப்பு வேறு: இறங்க முடியாமல் போனால் மாற்று நிலையத்துக்குப் போகத் தேவையானது, அதற்கும் மேலே 30 நிமிடம் வானில் வட்டமிடத் தேவையானது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004 ஜூனில் நியூவார்க் சேவையை முதலில் தொடங்கியபோது பயன்படுத்தியது நான்கு எஞ்சின் கொண்ட ஏர்பஸ் ஏ340-500. எரிபொருள் விலை ஏறியது. பின்னாளில் விமானம் முழுவதையும் 100 பிசினஸ் வகுப்பு இருக்கைகளாக மாற்றியும் கட்டுப்படியாகவில்லை. 2013 நவம்பரில் சேவை நின்றது. 2018இல் அது திரும்பி வந்ததற்குக் காரணம் மிக நெடுந்தூரம் பறப்பதற்கான இரண்டு எஞ்சின் ஏ350-900 யூ.எல்.ஆர். ரகம். அது 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அன்றைய சாதாரண ஏ350-900ஐவிட இது 24,000 லிட்டர் அதிகம். முழுவதும் நிரப்பினால் எரிபொருளின் எடை மட்டுமே சுமார் 130 டன். விமானம் கிளம்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடை 280 டன். கிட்டத்தட்ட பாதி எடை எரிபொருள் என்றால் மனிதர்களுக்கு இடம் குறைய வேண்டும். அதனால்தான் 253 பேர் வரை ஏறும் அதே உடலில் 161 இருக்கைகள் மட்டும். எகானமி வகுப்பே கிடையாது. இந்த வழியில் டிக்கெட் விலை அப்படி இருப்பதற்கு இந்த எடைக் கணக்கு முக்கியமான காரணம்.

வேகமாகப் பறந்து நேரத்தை மீட்கலாமே என்று கேட்கலாம். ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்க காற்றின் எதிர்ப்பு சட்டென்று கூடுகிறது. சில நிமிடங்களை மீட்க டன் கணக்கில் எரிக்க வேண்டியிருக்கும்.

நீங்களே கணக்கிட

1. பெருவட்டத் தூரத்தை எடுத்து 900ஆல் வகுங்கள். ஊர்தல், ஏறுதல், இறங்குதலுக்கு 40 நிமிடம் கூட்டுங்கள்.

2. நடு அட்சரேகைகளில் மேற்கு நோக்கிய நெடும்பயணம் என்றால் ஒன்று முதல் இரண்டு மணி கூடுதலாக எதிர்பாருங்கள். குளிர்காலத்தில் இன்னும் கொஞ்சம். கிழக்கு நோக்கி என்றால் குறையலாம்.

3. பெருவட்டக் கோடு மூடிய வான்வெளி வழியே போகிறதா என்று பாருங்கள். போனால் முதல் இரண்டு படிகளும் உதவாது, அந்த நிறுவனத்தின் இப்போதைய அட்டவணைதான் ஒரே வழி.

இந்த முறையைச் சிட்னி–லண்டன் வழியில் போட்டுப் பார்க்கலாம். ஏ350-1000 விமானத்தில் கூடுதல் எரிபொருள் தொட்டி வைத்து, 238 இருக்கைகளோடு இந்த வழியை நிற்காமல் இயக்க குவான்டாஸ் திட்டமிட்டிருக்கிறது. தூரம் சுமார் 17,000 கி.மீ. வகுத்து 40 நிமிடம் கூட்டினால் 19 மணி 33 நிமிடம். 2019 நவம்பரில் லண்டனிலிருந்து கிழக்கே சிட்னிக்கு நடத்திய சோதனைப் பயணத்துக்கு ஆனது 19 மணி 19 நிமிடம். ஆனால் இந்தச் சேவைக்கு நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு 22 மணி நேரம். மேற்கே லண்டனை நோக்கி, ஒரு குளிர்கால நாளில் எதிர்காற்றில் பறக்கும் விமானத்துக்கும் இடம் விட்டுத்தான் அந்த எண் சொல்லப்பட்டிருக்கிறது.